சோத்துக்கை, எழுத்துக்கை

போன மாதம் கிள்ளானில் என் வீட்டுக்கு மூன்று இளம் ஆசிரியைகள் வந்திருந்தார்கள். பயிற்சிக் கல்லூரியில் இப்போதுதான் படிப்பை முடித்தவர்கள். பழைய ஆசிரியர்களின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு மலர் போடப்போகிறார்களாம். "உங்க காலத்து டிசிப்ளின பத்தி எழுதிக் குடுங்க டீச்சர், ஒரு பக்கம் போதும் லா," என்றாள் ஒருத்தி. தேநீர் குடித்தபடி தங்கள் புதுப் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலது கைக்கு மாற்றக் கூடாது, அதன் போக்கிலேயே எழுதவிட வேண்டும் என்று இப்போது சொல்லித்தருகிறார்களாம். "உங்க காலத்துல அந்த மாதிரிப் பிள்ளைங்களே இல்லியா டீச்சர்? எங்கம்மா வயசுல ஒருத்தரையும் நான் பாத்ததில்ல," என்றாள் அதே பெண்.

இருந்தார்கள் அம்மா. நிறையவே இருந்தார்கள். நீ பார்க்காததற்குக் காரணம் நீ கேட்ட அந்த டிசிப்ளின்தான். அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலரில் போட மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

என் சொந்தக் கதை நீளமானது அல்ல. அப்பா கிள்ளானில் துறைமுகக் கிடங்கில் எழுத்தர். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், அதனால் மிஷன் பள்ளியில் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் படிக்கக் கிடைத்தது. சனிக்கிழமைகளில் ரயிலேறி கோலாலம்பூருக்குப் போய் ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை தேறி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பை ஒட்டியிருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டே அறை. சரக்கு வண்டி போகும்போது பெஞ்சிமேல் வைத்த சிலேட்டுக் குச்சிகள் தானாக உருளும். ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போய், தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ரயில்வேயிலும் யார் தலை எப்போது உருளும் என்று தெரியாமல் எல்லோரும் பயந்துகிடந்தார்கள்.

தலைமையாசிரியரை ஊரே பெரிய வாத்தியார் என்றுதான் சொல்லும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, கையில் எப்போதும் குடை. வகுப்புக்குள் வருமுன் அந்தக் குடையால் வாசற்படியில் இரண்டு தட்டுத் தட்டுவார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அடிக்கும்போதும் கோபப்படமாட்டார். பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, "நீ செய்த தப்பு என்ன, உன் வாயாலேயே சொல்," என்பார். அது சொல்லி முடித்ததும் அடிப்பார். பிறகு பானையில் தண்ணீர் மொண்டு கை கழுவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவார். அவருடைய எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். சிலேட்டு வாங்க வக்கில்லாத பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லவர் என்றே எல்லோரும் சொன்னார்கள், நல்லவர்தான். அதனால்தான் அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

எழுத்துப் பாடத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மணலில் விரலால் எழுத வேண்டும். விரல் பழகியபின் சிலேட்டு. சிலேட்டில் வரி கோணாமல் வந்தபின்தான் தாளும் மைக்கூடும். மணலிலேயே இடது விரலை நீட்டுகிற பிள்ளை அகப்பட்டால் அதற்கு ஒரு பை உண்டு. மாவு மூட்டைத் துணியில் அவர் மனைவி தைத்துக் கொடுத்த சுருக்குப்பை. இடது கையை அதற்குள் விட்டு, மணிக்கட்டில் சுருக்கை இழுத்துக் கட்டி, கயிற்றின் மிச்சத்தை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் இடுப்புக் கயிற்றோடு முடிந்துவிடுவார். காலை மணி அடித்ததும் கட்டினால் பள்ளி விடும்போதுதான் அவிழ்ப்பார். நடுவில் கொல்லைக்குப் போக மட்டும் அவிழ்த்துவிடுவார். அந்தக் கைக்கு ஆண்டவன் விதித்த வேலை அது ஒன்றுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளைகள் அந்தப் பைக்குக் கைக்கோமணம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தினமும் காலையில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் பிள்ளைகள் வலது கையைத் தூக்க வேண்டும். "சோத்துக்கை எழுத்துக்கை!" என்று கத்த வேண்டும். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பீச்சாங்கை பின்னாங்கை!" என்று கத்த வேண்டும். அவரே கட்டிய பாட்டு. சோறு தின்கிற கை எதுவோ அதுவே எழுதுகிற கை, இதில் வாதத்துக்கு இடமில்லை என்பார். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. உற்சாகமாகத்தான் கத்தினார்கள்.

அஞ்சலை என் வகுப்புக்கு வந்தபோது ஏழெட்டு வயதிருக்கும். அப்பன் மாரிமுத்து ரயில் யார்டில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. தாய் இல்லை, இவளைப் பெற்ற கொஞ்ச நாளில் போய்விட்டாள். மாரிமுத்து மறு கலியாணம் செய்யாமல் தானே சமைத்துப்போட்டு, தானே தலைவாரிப் பின்னிவிட்டு வளர்த்தான். சேர்க்க வந்த அன்றே என்னிடம் சொன்னான்: "சாப்பாட்டுக்கும் பீச்சாங்கதான் டீச்சரம்மா நீட்டுனா. அடிச்சு அடிச்சு மாத்திட்டேன். இப்ப நாலு பேரு முன்னால நல்லா சோத்துக்கையாலதான் சாப்புடுவா. ஆத்தா இல்லாத புள்ள, வளப்பு சரியில்லன்னு ஒரு நாக்கு பேசிறக்கூடாது பாருங்க." அவனுக்கு அதில் பெருமை. அதைத் தவிர பெருமைப்பட அவனிடம் வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சோற்றுக்கு மாறிய கை எழுத்துக்கு மாறவில்லை. வலது கையில் குச்சியைக் கொடுத்தால் அடுப்புக் கொள்ளியைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். இடது கையில் கொடுத்தால் குச்சி ஓடும், ஆனால் தப்பான திசையில் ஓடும். அவள் எழுதும் 'ட' பின்பக்கம் திரும்பி நிற்கும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் முதலில் என்ன செய்வதென்று புரியவில்லை. சனிக்கிழமை வகுப்பில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை.

'ப'விலிருந்து தொடங்கினேன். அந்த ஒரு எழுத்தை இடவலமாகத் திருப்பிப்போட்டாலும் 'ப'தான், அவளால் அதில் தப்புச் செய்யவே முடியாது. அது கைவந்ததும் வலது பக்கத்துக் காலை ஈரத்துணியால் அழிக்கச் சொன்னேன், 'ட' வந்துவிட்டது. அழித்த காலைத் திரும்பப் போட்டு உள்பக்கம் வளைக்கச் சொன்னேன், 'ம' வந்தது. "இம்புட்டுத்தானா டீச்சர்!" என்றாள். எழுத்துக்கு எது வாசல், எது கொல்லை என்பது மனதில் பதிந்ததும் அவள் மறுபடி எதையும் திருப்பிப்போட்டதில்லை.

அடுத்த தொல்லை கை. தமிழை இடமிருந்து வலமாக எழுதும்போது இடது கை, எழுதிய எழுத்தின் மேலேயே ஊர்ந்து போகிறது. சிலேட்டில் பாதி வரி அழிந்துபோகும், தாளில் மை தீற்றிவிடும். இதற்கு வழி எனக்குக் கிள்ளானில் கிடைத்தது. எங்கள் பக்கத்து வீட்டில் மலாய்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் தோழி ஒருத்தி இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஜாவியில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாவி என்பது மலாயை அரபு எழுத்தில் எழுதுவது, வலமிருந்து இடம் போகும். வலது கையால் எழுதினால் ஈர மையின் மேல் கை போய்த்தானே ஆகவேண்டும்? ஆனால் அவள் தாளில் ஒரு தீற்றல் இல்லை. தாளைச் சாய்த்து வைத்திருந்தாள், கையை வரிக்குக் கீழேயே வைத்திருந்தாள், பேனாவை நுனியிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்திருந்தாள். அவளுடைய வலது கைக்கு இருந்த சங்கடம்தான் அஞ்சலையின் இடது கைக்கும். இவ்வளவு சின்ன விஷயம் பெரிய வாத்தியாருக்குத் தோன்றாமல் போனதேன் என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

மறுநாள் அஞ்சலையைப் பெஞ்சியின் இடது ஓரத்தில் உட்காரவைத்தேன், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் இருக்க. சிலேட்டின் தலைப்பக்கத்தை வலது தோள் பக்கமாகச் சாய்த்துவைத்தேன். கை வரிக்குக் கீழே. குச்சியில் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு நூலைச் சுற்றிவிட்டேன். அவள் எழுத ஆரம்பித்தாள். பிறகு அவளை நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. சிலேட்டு நிறைந்தால் பெஞ்சியில் எழுதுவாள், வெளியே விட்டால் ரயில் கரி படிந்த சுவரில் விரலால் எழுதுவாள். வாசற்படியில் குடை தட்டினால் மட்டும் குச்சி வலது கைக்கு மாறும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்துப் பிள்ளைகளே, "ஏய், குட!" என்று அவளுக்குக் குசுகுசுத்தார்கள். பிள்ளைகளுக்கு இருந்த ஈரம் அங்கே வேறு யாருக்கும் இல்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. பட்டணத்தில் மிஷன் நடத்திய பெண்கள் பள்ளியில், விடுதியோடு சேர்த்து, ரயில்வேக்காரர் பிள்ளை ஒன்றைச் சம்பளமில்லாமல் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தாளில் ஒரு பரீட்சை எழுத வேண்டும், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட சிபாரிசு வேண்டும். நான் அந்தப் பள்ளியின் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவை நேரில் போய்ப் பார்த்து, பிள்ளை இடது கைக்காரி என்று முன்கூட்டியே சொன்னேன். "எந்தக் கை என்று நான் பார்ப்பதில்லை. என்ன எழுதுகிறாள் என்றே பார்ப்பேன்," என்று புத்தகத் தமிழில் சொன்னார்.

மாரிமுத்துவிடம் போனேன். யார்டில் ஆள் குறைக்கப்போகிறார்கள், அடுத்தது தன் பெயராக இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வேலை போனால் சுங்கை பூலோ பக்கம் தோட்டத்தில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போவதாக இருந்தான். அஞ்சலை அங்கே அத்தையின் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்க வேண்டியதுதான், கொஞ்சம் வளர்ந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்ட வேண்டியதுதான்.

"ஆஸ்டல்ல மூணு வேளையும் சோறு போடுவாங்களா டீச்சரம்மா?"

"போடுவாங்க. துணியும் குடுப்பாங்க. படிச்சு முடிச்சா அவளே டீச்சராகலாம்."

"என் மவ டீச்சரா," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "சரி, சேத்துவிடுங்க. நான் எங்க போனாலும் அது நல்லாருக்கும்ல."

சிபாரிசு கேட்கப் போகும்போது அஞ்சலையின் தாள் ஒன்றைப் பெரிய வாத்தியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யாரு எழுத்தும்மா இது? முத்து முத்தா இருக்கே!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார், தன் பேனாவையே கொடுத்து, "எழுது பாப்பம்," என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அந்தக் குழந்தை எல்லாவற்றையும் மறந்துவிட்டது. பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டது.

அவர் பேனாவைத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்தார். அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா டீச்சர் இது?"

"ஆரம்பத்துலேர்ந்தே சார். எழுத்த நீங்களே பாத்தீங்க."

"எழுத்த பாத்தேன். அத எழுதின கையையும் பாத்தேன். உங்க வேதத்துல இடது கைக்குத் தோஷம் இல்லையோ என்னவோ."

"எங்க வேதத்துலயும் நரகத்துக்குப் போறவங்கள நிறுத்துறது இடது பக்கந்தான் சார். ஆனா மிஸ்ஸியம்மா எந்தக் கைன்னாலும் சரின்னுட்டாங்க."

"அவ சொல்லுவா. உள்ளுக்குள்ள என்ன நெனைப்பா? இந்தத் தமிழனுங்க காலக் கழுவுற கையாலயே கல்வியத் தொடறானுங்கன்னு நெனைக்க மாட்டாளா? என் பள்ளிக்கூடத்துப் பேரச் சொல்லிக்கிட்டு அந்தப் பிள்ளை அங்க போய் உக்காரப்போகுது. சோத்துக்கையால எழுதட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

வெள்ளைக்காரியே கவலைப்படாததற்கு வெள்ளைக்காரிக்காக இவர் கவலைப்பட்டார். நம்மவர்களின் பாதி ஒழுக்கம் இப்படி வந்ததுதான். நான் கெஞ்சினேன், வாதாடினேன், கோபப்பட்டேன். அவர் குரல் உயரவே இல்லை. மறுநாள் காலை அஞ்சலையைத் தன் அறைக்கு மாற்றிக்கொண்டு, பையைக் கட்டினார்.

என்னுடைய அறைக்கும் அவருடைய அறைக்கும் நடுவே பாதிச் சுவர்தான். தினமும் பார்த்தேன். வலது கையால் அவள் எழுதிய எழுத்துகள் நொண்டின. தப்பாக எழுதியதால் அடி வாங்கவில்லை, அவர் பொறுமைசாலி, திரும்பத் திரும்ப எழுதவைத்தார். அவள் பேச்சு குறைந்தது. கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் சும்மா நிற்பாள். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. ஒரு நாள் காலைப் பாட்டு முடிந்ததும் அவள் தானாக எழுந்து நின்றதைக் கண்டேன்.

"சார், சோத்துக்கதான் எழுத்துக்கையா சார்?"

"ஆமாம்."

"எந்தக் கையால சாப்புடுறமோ, அந்தக் கையால எழுதலாமா?"

"அதத்தானம்மா தினமும் சொல்றேன்."

"எப்பவுமா சார்?"

"எப்பவுந்தான். உக்காரு."

உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. பிள்ளை ஒருவழியாகத் திருந்திவிட்டது என்று பெரிய வாத்தியார் நினைத்திருப்பார். நானும் என்னென்னவோ நினைத்தேன், இதை நினைக்கவில்லை.

அந்த வாரம் ரயில்வே குடியிருப்புக் கோயிலில் திருவிழா. கடைசி நாள் அன்னதானம். நான் வேதக்காரி என்றாலும் டீச்சரம்மா என்று கூப்பிட்டிருந்தார்கள். பந்தலில் வரிசை வரிசையாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தது. முதல் வரிசையில் பெரிய வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு எதிர்வரிசையில். மாரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினான். அன்றைக்கு அவன் கையில் ரச வாளி, அப்போதுதான் அடுப்பிலிருந்து மொண்டு வந்தது.

சோறு விழுந்ததும் அஞ்சலை வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இடது கையால் பருப்பைப் பிசைந்தாள். ஒரு கவளம் எடுத்து, வாயில் வைக்குமுன் நேராகப் பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். சிலேட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. சார் சொன்ன கணக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டாள். இனிமேல் இது சோற்றுக்கை, அப்படியானால் இதுவே எழுத்துக்கை. பை வேண்டாம், பரீட்சைக்குப் போகலாம்.

பக்கத்தில் யாரோ ஒரு பொம்பிளை, "சீ, சாமி சோத்துல பீச்சாங்கய வைக்குது பாரு," என்றாள். இன்னொருத்தி, "ஆத்தா இருந்து வளத்திருந்தா இப்புடி வருமா?" என்றாள். சத்தமாகத்தான் சொன்னார்கள். அது மாரிமுத்துவுக்குக் கேட்டது.

அவன் வாளியைக் கீழே வைத்தான். மகள் பக்கத்தில் குனிந்தான். ஏதோ காதில் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவளுடைய இடது கையைப் பிடித்து ரச வாளிக்குள் அமுக்கினான்.

அந்த அலறலை நான் எழுதப்போவதில்லை. நான் எழுந்து ஓடி இலைகளை மிதித்துக்கொண்டு போய் அவன் கையைப் பிடுங்கும்வரை அவன் விடவில்லை. விட்டதும்தான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்குப் புரிந்தது. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான், நான் பின்னால் ஓடினேன். வழியெல்லாம், "அப்பாவ மன்னிச்சிரு தாயி, அப்பாவ மன்னிச்சிரு," என்று கத்திக்கொண்டே போனான். பெரிய வாத்தியார் மோர் வாங்காமலே பந்தியிலிருந்து எழுந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். மனசு கேட்கவில்லையாம். மற்றவர்கள் பாயசம் வரை சாப்பிட்டார்கள்.

மறுநாள் பள்ளியில் அவரிடம் போய் நின்றேன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஆனாலும் சொன்னார்: "நான் சொன்னது எழுத்தப் பத்தி. அவ செஞ்சது சாப்பாட்டுல. இதுல என் தப்பு எங்க இருக்கு டீச்சர், நீங்களே சொல்லுங்க."

"உங்க பாடத்தத்தான் சார் அவ படிச்சா. இந்தப் பள்ளிக்கூடத்துலயே அத அர்த்தம் தெரிஞ்சு படிச்ச பிள்ளை அவ ஒருத்திதான்."

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க," என்றார். வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று, வழக்கம்போல வலது கையைத் தூக்கினார்கள். நான் என் வகுப்புப் பிள்ளைகளைக் கையைக் கீழே போடச் சொன்னேன். பத்தோடு பதினொன்றாக நின்றிருந்தால் நானும் அங்கேயே ஓய்வு பெற்றிருப்பேன். அந்த மாதமே என்னை மாற்ற வேண்டும் என்று பெரிய வாத்தியார் மேலே எழுதிவிட்டார்.

அஞ்சலை திரும்ப வந்தபோது இடது கை விரல்கள் உள்பக்கமாக வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பைக்கு வேலையில்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் வலது கையால் எழுதினாள், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பெரிய வாத்தியார் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், சிபாரிசில் கையெழுத்துப் போட்டார். மாற்றல் உத்தரவு இன்னும் வந்திருக்கவில்லை, பரீட்சைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மற்றப் பிள்ளைகள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து விளையாட ஆரம்பித்தபோது அவள் முதல் கேள்வியை முடித்திருக்கவில்லை. மிஸ்ஸியம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இடது கை என்றல்லவா சொன்னீர்கள்?" என்று கேட்டார். நான் பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டினேன். "ஐயோ பாவம்," என்றார். இடம் வேறு பிள்ளைக்குப் போனது. பாவம் பார்ப்பதற்கும் இடம் கொடுப்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

மாரிமுத்துவின் வேலையும் போயிற்று. அவன் பயந்தபடியே மகளை அழைத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனான். குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று யாரோ சொல்லக் கேட்டேன். நான் ஒவ்வொரு ஊராக மாற்றலாகிப் போய், சண்டைக்காரி என்று பெயரெடுத்து, அந்தப் பெயரை விடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். போன இடத்தில் எல்லாம் இடது கைப் பிள்ளைகளை இடது ஓரத்தில் உட்காரவைத்தேன். சிலர் நன்றாக வந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

முப்பதுகளின் கடைசியில் சுங்கை பூலோ பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கு என்னைப் போட்டார்கள். பிள்ளைகளைச் சேர்க்கும் நாளன்று தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி என் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு இளம்பெண் சின்னப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். ரப்பர் பால் கறை படிந்த சேலை, தலையில் துண்டு. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளுக்கும் என்னைத் தெரிந்தது, ஆனால் பையனை முன்னால் தள்ளி நிறுத்தினாள். பையன் கொழுந்தன், அத்தையின் கடைசிப் பிள்ளை. அத்தை மகனையே கட்டியிருந்தாள்.

"கையெழுத்தா, கைநாட்டா?" என்றார் கிராணி.

"கைநாட்டுங்க."

"எடது கட்ட வெரல நீட்டு."

அவள் தயங்கிவிட்டு முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். கிராணி அந்தக் கட்டைவிரலை மையில் உருட்டித் தாளில் வைத்தார். வழவழவென்று ஒரு கறுப்புத் திட்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் திட்டு.

"என்னா கை இது, ரேகையே விழ மாட்டேங்குது! ஏம்மா, எழுதக்கிழுதத் தெரியுமா உனக்கு? தெரிஞ்சா பேர எழுதிட்டுப் போ."

தெரியும், முத்து முத்தாக எழுதுவாள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, என் கண்ணைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க," என்றாள். "நான் பள்ளிக்கூடமே போனதில்ல."

அதைக் கிராணியிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். பிரிக்பீல்ட்ஸையும் பெரிய வாத்தியாரையும் என்னையும் சேர்த்து ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கிராணிக்கு அவசரம். அவளுடைய வலது கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கட்டைவிரலை மையில் அழுத்தினார். அது நன்றாக விழுந்தது.